வாயைத் திறக்க வைத்த மாத்திரை

இங்கிலாந்தில் சாண்ட்விச் என்றொரு ஊர். (சாப்பிடுகிற சமாசாரம் இல்லை!) அங்கே ஃபைஸர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1989-ல் சில்டெனாஃபில் என்ற மருந்து உருவானது. நெஞ்சுவலிக்காரர்களுக்கு இதய ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. நெஞ்சுவலி பெரிதாகக் குறையவில்லை. ரத்தம் வேறு இடத்தில் பாய்ந்தது! 1998 மார்ச்சில் 'வயாக்ரா' என்ற பெயரோடு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மாத்திரை ரெடி. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல ஆண்பிள்ளைக்குத் துணிச்சல்?

'ஆண்மையின்மை' என்ற சொல்லே ஆளைக் கூசவைத்தது. 1992-லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள், 'விறைப்புக் குறைபாடு' என்று சொன்னால் போதும் என்றார்கள். குறை உடம்பில்தான், ஆண்மையில் இல்லை!

அடுத்து வந்தார் பாப் டோல். உலகப்போரில் காயம்பட்ட வீரர். 1996 ஜனாதிபதி தேர்தலில் கிளிண்டனிடம் தோற்றவர். 1991-ல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர், வயாக்ரா சோதனையில் தானும் கலந்துகொண்டதாக 1998-ல் டி.வி. பேட்டியில் சொன்னார். பிறகு ஃபைஸர் விளம்பரத்திலும் வந்து, டாக்டரிடம் பேசுங்கள் என்றார். கிண்டல் செய்தவர்கள் உண்டு. பேச ஆரம்பித்தவர்களும் உண்டு.

பேசியதில் ஒரு பெரிய லாபம். அந்தரங்க உறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு பல நேரம் அங்கேதான் முதலில் தெரியும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட் எல்லாம் காரணமாகலாம். மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே வருகிற எச்சரிக்கை அது!

ஆகவே, மருந்துக்கடையில் ரகசியமாக மாத்திரை வாங்குவது வைத்தியமல்ல. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் மறைக்கிற சங்கதி, உங்கள் நெஞ்சு அனுப்பிய தந்தியாக இருக்கலாம். பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.