யார் வாயால் சொல்வது: கம்பம் பள்ளத்தாக்கில் கதையும் கவிதையும்

சிலப்பதிகாரம் தன் கதையை முடிவிலிருந்து தொடங்குகிறது. வேங்கை மரத்தடியில் ஒரு மார்பை இழந்து நின்ற பெண்ணைப் பார்த்ததாகவும், அவள் கணவனோடு வானுலகு சென்றதாகவும் பதிகத்தில் குன்றக் குறவர்கள் வந்து இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். அவள் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. உடனிருந்த சாத்தனார்தான் முன்கதையை எடுத்துரைக்கிறார். முடிவை முதலிலேயே கேட்டுவிட்டவருக்குப் புகார்க் காண்டத்தின் திருமண மங்கலமே நெருடத் தொடங்கிவிடும். வஞ்சிக் காண்டத்தில் அதே குறவர்கள் அதே காட்சியைச் சேரன் செங்குட்டுவனிடமும் சொல்கிறார்கள். காப்பியத்தின் உச்சக் காட்சிக்குச் சாட்சி அரண்மனையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தினைப்புனம் காக்கும் மலைமக்கள்.

மதுரையின் மேற்கு வாயிலைக் கடந்து, வையைக் கரையோடு நடந்து அந்தப் பெண்ணான கண்ணகி ஏறிய நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூருக்கு மேலே தமிழக, கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோட்டமே அந்த இடம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசன் 1963இல் அடையாளம் காட்டினார். சித்திரா பௌர்ணமி அன்று பளியன்குடி வழியாக நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் அங்கே ஏறுகிறார்கள். இடத்தைப் பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும், குறவர் வாயால் கதையைத் திறந்த அந்த உத்திக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நீண்ட வம்சம் உண்டு. யார் வாயால் சொல்வது என்ற கேள்வியே இங்கே எழுதியவர்களின் மற்ற உத்திகளையும் தீர்மானித்திருக்கிறது.

தமிழ் உரைநடையில் உத்தியை ஒரு தனிப் பேச்சாக ஆக்கியவர் சி.சு. செல்லப்பா. அவர் பெயரின் முன்னெழுத்தில் வரும் ‘சி’ சின்னமனூர். 1912இல் பிறந்து வத்தலகுண்டில் வளர்ந்தவர், 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. ஒரு கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு சொல்வது அவருக்குப் போதவில்லை. எங்கே தொடங்குகிறது, பார்வை யாருடையது, எந்த இடத்தில் திரும்புகிறது என்று பிரித்துப் பார்க்கும் அலசல் விமர்சனத்தை அவர் வளர்த்தார். விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் ரசனையின் பக்கம் நின்றவர் என்பதால் இருவருக்கும் இதில் உரசல் இருந்தது.

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். ‘வாடிவாசல்’ ஒரே ஒரு சல்லிக்கட்டில் நடந்து முடிந்துவிடும் சிறிய நாவல். தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காரி என்ற காளையை அடக்கப் பிச்சி வந்திருக்கிறான். உடன் மைத்துனன் மருதன். பழைய கதை எதையும் ஆசிரியர் முன்வந்து விளக்குவதில்லை. வாடியை ஒட்டி நிற்கும் ஒரு கிழவனின் பேச்சில் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. அந்தக் கிழவன் வேடிக்கை பார்ப்பவன், விஷயம் தெரிந்தவன், கூட்டத்தின் குரல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தவன். காளையின் சொந்தக்காரரான ஜமீன்தார் என்ன நினைக்கிறார் என்பதைக்கூட அவர் மனசுக்குள் நுழைந்து தேடவேண்டியதில்லை. தோற்ற காளையை அவர் சுட்டு வீழ்த்தும் செயலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ‘எழுத்து’ இதழில் தொடராக வந்த ‘ஜீவனாம்சம்’ இதற்கு நேர் எதிர்முனை. அங்கே வெளியில் நடப்பது சொற்பம். இளம் விதவை சாவித்திரியின் மனத்துக்குள்ளேயே, ஒரு நினைவு இன்னொன்றைக் கிளறிவிட, கதை நகர்கிறது. நனவோடை உத்தியைத் தமிழில் முழு நாவலுக்குக் கையாண்ட முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. படிக்கப் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே 1950களில் அச்சுக்கு வெளியே வேறொரு உத்தி இதே மண்ணில் நடந்துகொண்டிருந்தது. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டு மேடைகளில் மக்களுக்குப் பழகிய மெட்டில் புதிய அரசியலைப் பாடினார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரச்சாரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாட்டு பெரிதும் எடுபட்டது. மெட்டு முன்பே தெரிந்திருந்தால் கேட்பவரின் கவனம் முழுவதும் சொல்லுக்குப் போய்விடும். இரண்டாவது அடியில் கூட்டமே சேர்ந்து பாடும். நாட்டுப்புறக் கவிஞர்களுக்கு வழிவழியாகத் தெரிந்த இந்தச் சூட்சுமம் ஏட்டில் ஏறாமல் போனதால் அதற்கு உத்தி என்ற மரியாதை கிடைக்கவில்லை.

‘எழுத்து’ வளர்த்த புதுக்கவிதை தனிமனதின் குரல். படிமம் அதன் முதன்மைக் கருவி. 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ இதழ் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு குரலைத் தெருவுக்குத் திருப்பியது. அக்காலத்தில் பெயர்பெற்ற இருவர் தேனிப் பக்கத்தவர்கள். போடி அருகே மீனாட்சிபுரத்தில் 1942இல் பிறந்த நா. காமராசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர்களில் ஒருவர். 1971இல் வந்த அவருடைய ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பில், இன்று திருநங்கையர் என்று மரியாதையாக அழைக்கப்படுவோரைப் பற்றிய ‘காகிதப் பூக்கள்’ இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்களைக் கேலிக்கு மட்டுமே எழுத்தில் கொண்டுவந்தார்கள். காமராசன் அவர்களைப் பற்றிப் பேசாமல் அவர்களையே பேசவிட்டார். ‘நாங்கள்’ என்ற தன்மைப் பன்மையில் கவிதை நடக்கிறது. தங்கள் பிறப்பை இலக்கணப் பிழையோடு ஒப்பிட்டு அவர்களே சொல்லிக்கொள்வதாக உருவகம் வருகிறது. அதே ஒப்பீட்டைப் படர்க்கையில் சொல்லியிருந்தால் அது வசையாகிப் போயிருக்கும்.

பெரியகுளத்தில் 1945இல் பிறந்த மு. மேத்தாவின் பலம் முரண். இரண்டு எதிர்ச்சொற்களை அடுத்தடுத்து நிறுத்தி, கடைசி வரியில் ஒரு குத்துக் குத்துவார். காந்தியை நோக்கி அவர் எழுதிய புகழ்பெற்ற அஞ்சலிக் கவிதையில் சொல்லுபவன் ஒரு தெருப்பாடகன். தலைப்பே அதை அறிவித்துவிடும். 1974இல் வெளியான ‘கண்ணீர்ப் பூக்கள்’ கல்லூரி மாணவர்கள் கைக்குக் கை மாறிப் படித்த நூல். அந்த நடையைப் பார்த்து எழுதக் கிளம்பியவர்கள் ஏராளம், கடைசி வரிக் குத்து மட்டும் போதும் என்று அவர்கள் எண்ணியதால் உத்தி சீக்கிரமே தேய்ந்தும் போனது. அதற்கு மேத்தா பொறுப்பல்ல.

1977இல் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா ‘16 வயதினிலே’ படத்தை எடுத்தார். அதன் பிறகு இந்தப் பக்கத்துப் பேச்சின் ஏற்ற இறக்கம் தமிழ்நாடு முழுவதும் காதுக்குப் பழக்கமானது. வட்டார வழக்கில் எழுதும் நாவலாசிரியருக்கு இது ஒரு வசதி. வாசகர் உரையாடலை மனசுக்குள் சரியான ராகத்தில் கேட்டுவிடுவார்.

‘எழுத்து’ முதல் இதழ் வந்த அதே 1959 ஜனவரியில் வைகை அணையும் திறக்கப்பட்டது. நீர்ப்பிடிப்பில் மூழ்கிய ஊர்களில் ஒன்று வைரமுத்து பிறந்த மெட்டூர். குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்து 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய நாவல் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அந்த இடப்பெயர்வின் கதை. வானம் பார்த்த பூமியில் ஒரு குடம் தண்ணீருக்கு அலைந்த சனத்தைத் தண்ணீரே விரட்டியடிக்கிறது. நாவலின் முதுகெலும்பு இந்த முரண்நகை. பேயத்தேவர், பேரன் மொக்கராசு ஆகியோரின் அன்றாட வேலைகளைப் படிப்படியாக விவரிப்பது இன்னொரு உத்தி. ஒரு வேலை எப்படி நடக்கும் என்பது முழுக்கத் தெரிந்த பிறகே அந்த வாழ்வு அழியும்போது எது அழிகிறது என்பது உறைக்கும். பாத்திரங்களின் பேச்சு மண்ணில் நிற்க, இடையிடையே ஆசிரியரின் கவிக்குரல் உவமைகளோடு மேலெழுந்து நிற்கிறது. இதிகாசம் என்ற பெயருக்கு அது பொருந்துகிறது என்பார் உண்டு. தேவர் பேசவேண்டிய இடத்தில் கவிஞர் பேசிவிடுகிறார் என்பதும் நியாயமான குறைதான்.

அல்லிநகரத்தைச் சேர்ந்த ம. காமுத்துரை அந்த மேலெழும் குரலை விலக்கியவர். ‘மில்’ நூற்பாலைத் தொழிலாளர்களையும், ‘குதிப்பி’ விசேஷ வீடுகளில் சமைக்கும் தொழிலாளர்களையும் கொண்ட நாவல்கள். கதை சொல்பவரின் தமிழுக்கும் பாத்திரங்களின் தமிழுக்கும் இடையில் வேலி மிகத் தாழ்ந்திருக்கிறது. தொழிற்சொற்களை நிறுத்தி விளக்காமல் வேலையின் போக்கிலேயே வாசகர் புரிந்துகொள்ள விட்டுவிடுகிறார். தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ தன்வரலாற்றுச் சாயல் கொண்டது; பார்வையை இழந்த சிறுவனின் கதை. கண்ணால் காண்பதை வருணிப்பதே நாவலின் முதல் கருவி என்று பழகிய எழுத்தில், ஓசையும் வாசனையும் தொடுகையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. சொல்லும் வாய் மாறியபோது வருணனை முறையும் அதற்கேற்ப மாறியாக வேண்டியிருந்தது.