இந்தியத் தேர்தல் தரவுகள்

தேர்தல் முடிவுகள், வாக்காளர் பட்டியல்கள், வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள், வாக்காளர் கருத்தாய்வுகள் ஆகியவை அரசியல் ஆய்வுக்காகப் பொதுவில் வைக்கப்பட்ட வரலாறு. ஆங்கிலேயர் காலத்து மாகாணத் தேர்தல் முடிவுகள் அரசு அறிக்கைகளாக வெளியாயின. 1937 தேர்தலின் அறிக்கை அவற்றுள் ஒன்று.

முதல் பொதுத்தேர்தல்: 1951–52 குறித்த முதன்மைச் சான்று, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் அறிக்கை (1955). வாக்காளர்கள் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர். பட்டியல்களைத் தொகுத்துத் தட்டச்சு செய்ய ஆறு மாத ஒப்பந்தத்தில் சுமார் 16,500 எழுத்தர்கள் அமர்த்தப்பட்டனர். அழியா மை 3,89,816 குப்பிகள் செலவாயின. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்துகொண்ட பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். தன் பட்டியலின் இந்தக் குறையை ஆணையமே அச்சிட்டு வைத்தது. அக்காலப் பெண் வாக்காளர் எண்ணிக்கையைக் கையாள்வோர் முதலில் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

தேர்தல் முடிவுகளின் தொடர்வரிசை எந்தத் தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961இல் ஒழிக்கப்படும்வரை அங்கு ஒருவருக்கு இரண்டு வாக்குகள் இருந்தமையால், 1962க்கு முந்தைய வாக்குச் சதவீதங்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிடக் கூடாது என்பர் சிலர். உரிய திருத்தங்களுடன் ஒப்பிடலாம் என்பர் வேறு சிலர்.

தொகுப்புகள்: ரஜனி கோத்தாரி 1963இல் தில்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967இல் தேசியத் தேர்தல் ஆய்வைத் தொடங்கியது. 1984இல் வி. பி. சிங், சங்கர் போஸ் ஆகியோரின் மக்களவைத் தேர்தல் தரவுக் கையேடும், டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் ஆகியோரின் தொகுப்பும் வெளிவந்தன. கணினிக் கோப்புகள் பரவுமுன் ஆய்வாளர்கள் நம்பியவை இத்தகைய நூல்களே. 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சானது. அந்த ஒரு தொகுதிக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் தரவில் சேர்ந்தன.

இணைய காலம்: 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வேட்பாளர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்கள் பொதுவுக்கு வந்தன. அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் தேர்தல் முடிவுகளைச் சீர்செய்து, எவரும் தரவிறக்கும் வடிவில் அளித்தது. ஒரே வேட்பாளரின் பெயர் தேர்தலுக்குத் தேர்தல் வேறு எழுத்துக்கூட்டலில் வருவதும், தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறுவதும் இப்பணியைக் கடினமாக்குகின்றன. 2008 தொகுதி மறுவரையறை பழைய தொடர்ச்சியை அறுத்தது.

வாக்குச்சாவடிவாரி முடிவுகளை வெளியிடுவது சர்ச்சைக்குரியது. ஒரு தெருவின் வாக்குப் போக்கு வெளிப்பட்டு மிரட்டலுக்கு வழிவகுக்கும் என்பது ஒரு வாதம். முறைகேட்டைக் கண்டறிய வேறு வழி இல்லை என்பது மறுவாதம்.

கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களின் விவரங்கள் 2024 மார்ச்சில் வெளியாயின. வாங்கியோர் பட்டியலும் அவற்றைப் பணமாக்கிய கட்சிகளின் பட்டியலும் முதலில் தனித்தனியே வந்தன. பத்திர எண்கள் மார்ச் 21இல் வெளியான பின்னரே இரண்டையும் இணைக்க முடிந்தது.