கேக்கில் ஊறியிருக்கும் வரலாறு

உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி எல்லாவற்றையும் சூடான கட்டித் தேநீரில் போட வேண்டும். ஆறியதும் ரம்மோ பிராந்தியோ ஊற்றி ஒரு இரவாவது ஊறவிட வேண்டும். மறுநாள் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு, பட்டை, கிராம்பு சேர்த்து மிதமான சூட்டில் நிதானமாக வேகவிட்டால் பிளம் கேக் தயார்.

"இது வெள்ளைக்காரன் பலகாரம். நமக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஒரு முகாமில் மாணவர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது. தின்றது வெள்ளைக்காரன், சரி. பயிரிட்டது யார்?

முதலில் சர்க்கரையும் ரம்மும். கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸில்தான் ரம் காய்ச்சுகிறார்கள். கரீபியத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். 1834இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. 1838இலேயே இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் கயானாவில் கரைசேர்ந்தன. பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். அடிமை போன இடத்துக்குக் கூலி வந்தார்.

அடுத்தது தேயிலை. 1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவியது. காப்பி அழிய, அங்கே தேயிலை வந்தது. மலையேறிய தமிழர்களில் பறையர், பள்ளர், அருந்ததியர்தான் மிகுதி. பண்ணையாருக்குக் கடன்பட்டுப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்தார். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். ஊரின் சாதிப்படிநிலை கப்பலேறி லயன் வீடுகளிலும் குடியேறியது. 'துண்டு' என்ற கடன்சீட்டு, கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் தொழிலாளரைக் கட்டிவைத்தது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தது. தாயகம் திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள்.

கடைசியாகப் பட்டை. கண்ணூருக்குப் பக்கத்தில் உள்ள அஞ்சரக்கண்டியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. மேற்பார்வையாளர் மர்டோக் பிரவுன். வேலைக்குப் புலையர் முதலிய அடிமைச் சாதியினரை விலைக்கு வாங்கினார். திருவிதாங்கூரிலிருந்து கடத்தி வரப்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, அங்கே இருந்ததை 1811இல் தாமஸ் பேபர் என்ற கம்பெனி மாஜிஸ்திரேட் கண்டுபிடித்து மீட்டார். ஐரோப்பியர் அடிமை வணிகத்தை இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சாதி அடிமைகளை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தது. கம்பெனி விலை கொடுத்தது. கம்பெனி ஆட்சியில் அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரம் 1843இல்தான் போனது.

அதே அஞ்சரக்கண்டியின் பிரவுன் துரை ஒருவர்தான் 1883இல் தலச்சேரி பேக்கரிக்காரர் மம்பள்ளி பாப்புவிடம் இங்கிலாந்து கேக்கைக் காட்டி, இதுபோல் செய்து தரச் சொன்னார். பாப்பு முந்திரிப்பழமும் வாழைப்பழமும் கொண்டு காய்ச்சிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் சுட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பத்திரிகைகள் அதைக் கொண்டாடுகின்றன. பாப்புவின் கைத்திறனைக் கொண்டாட வேண்டியதுதான். துரையின் பெயரும் கூடவே அச்சாகிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் பட்டை உரித்த புலையரில் ஒருவர் பெயராவது அந்தக் கட்டுரைகளில் உண்டா?

கேக்கைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் சாப்பிடுவோம், அது நம் உழைப்பும்தான். ஆனால் உங்கள் குடும்பத்தில், தெருவில், கண்டிச்சீமைக்கோ கரும்புக்காட்டுக்கோ போய்வந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரை, ஊரை, தோட்டத்தின் பெயரை இந்த விடுமுறையில் எழுதி வையுங்கள். துரைமார் தங்கள் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நம் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.