செயற்கை விடியல்
குளிர்கால மனச்சோர்வுக்குத் தரப்படும் ஒளி சிகிச்சைகளுள் ஒன்று. படுக்கையருகே வைத்த விளக்கு, எழவேண்டிய நேரத்துக்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே மிக மங்கலாக எரியத் தொடங்கி, மெல்ல மெல்லப் பிரகாசமாகும். மூடிய இமைகளைக் கடந்து விழித்திரையை எட்டும் சிறிதளவு ஒளி, பொழுது விடிகிறது என்று மூளையின் உயிர்க்கடிகாரத்துக்கு உணர்த்துகிறது.

இந்த மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசென்தால் குழுவினர் தனி நோயாக விவரித்தனர். அமெரிக்காவின் சியாட்டிலில் டிசம்பர் இறுதியில் சூரியன் எழ ஏறக்குறைய காலை 8 மணி ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் கும்மிருட்டில் எழுகிறார்கள். அந்நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஏவரி குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாலை 4.30 முதல் 6 மணி வரை 250 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு உயர்ந்த செயற்கை விடியல், 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டியின் முன் அரை மணி நேரம் உட்காருவதைவிடக் கூடுதல் பலன் தந்தது. தூங்கிக்கொண்டே சிகிச்சை பெறலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. எழவே முடியாமல் தவிப்பவரை ஒளிப்பெட்டியின் முன் உட்காரச் சொல்வது கொடுமை. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றிச் செயற்கை விடியலைப் பயன்படுத்தக் கூடாது.