இருதயக் கோட்டில் மருந்தின் கையெழுத்து

வாவி மட்டக்களப்பு நாட்டை இரு கரைகளாக வகுக்கின்றது. கதிரவன் எழும் கடற்புறம் எழுவான்கரை. அவன் சாயும் வயற்புறம் படுவான்கரை. இரு கரைகளுக்கும் பொதுவாகச் சில பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மஞ்சள் அலரி. வீட்டு வேலியிலும் கோயில் வீதியிலும் நின்று பூசைக்குப் பூக்கொடுக்கும் இம்மரத்தை நம் மண்ணின் மரம் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளிலிருந்து வந்து குடியேறியது. இந்த மரத்துக்கும், வைத்தியசாலையில் இருதயத் துடிப்பைக் கோடாக வரைந்து தரும் ஈ.சி.ஜி. கருவிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு உண்டு. அதைச் சொல்வதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

ஈ.சி.ஜி.யைப் பற்றி நம் மக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகின்றது. கருவி பொய் சொல்லாது, கோடு நேராக வந்தால் நோயில்லை, கோணினால் நோயுண்டு என்பதே அது. கருவி பொய் சொல்வதில்லைதான். ஆனால் அது எழுதுவது இருதயத்தின் கதையை மட்டுமன்று. அந்த மனிதன் உட்கொண்ட மருந்தின் கதையையும் அதே கோட்டிலே எழுதிவிடுகின்றது. இரண்டையும் பிரித்து வாசிக்கத் தெரியாதவனுக்கு, நலமாய் இருப்பவன் நோயாளியாகவும், சாகக்கிடப்பவன் நலமுள்ளவனாகவும் தோன்றக்கூடும்.

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்திலே உடம்பு நீர்கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு கிழவி குடும்ப இரகசியமாக வைத்திருந்த பச்சிலைக் கஷாயம் ஒன்று, படித்த வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளையும் குணமாக்கியது. 1775ஆம் ஆண்டளவில் இச்செய்தி வைத்தியர் வில்லியம் விதரிங்கின் காதுக்கு எட்டிற்று. இருபதுக்கு மேற்பட்ட இலைகள் கலந்த அக்கஷாயத்தில் வேலை செய்வது ஒன்றே ஒன்று, அதுதான் டிஜிட்டாலிஸ் என்னும் பூச்செடி, என்று அவர் கண்டறிந்தார். பத்தாண்டு அனுபவத்தை 1785இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், கண்ணுக்குப் பொருள்கள் மஞ்சளாயும் பச்சையாயும் தெரியும், நாடி மந்தப்படும், உயிரும் போகும் என்பதை அவர் மறைக்கவில்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருப்பது மெல்லிய வரம்பு என்பதை அன்றே எழுதிவைத்தார். விதரிங்கின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அந்தக் கிழவிக்கோ பெயரே இல்லை. 1928இல் அமெரிக்க மருந்துக் கம்பனி ஒன்று தன் விளம்பரத்துக்காக அவளுக்கு ஒரு பெயரைக் கற்பித்துச் சூட்டியது; பின்வந்தோர் பலர் அதை வரலாறென்று நம்பி எழுதியும் விட்டார்கள். உழைத்தவள் பெயரற்றுப் போவதும், விற்பவன் அவளுக்குப் பெயர் சூட்டுவதும் மருந்துத் தொழிலில் மட்டும் நடக்கும் அதிசயமன்று.

இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக்கிய வில்லம் ஐந்தோவன் 1860இல் பிறந்தது ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவிலே, ஸெமராங் நகரிலே. குடியேற்ற நாட்டு இராணுவ வைத்தியரின் மகன் அவர். லெய்டன் பல்கலைக்கழகத்திலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐந்துபேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில் அமிழ்த்திக்கொண்டு அமர்ந்திருப்பார். கோட்டின் மேடுபள்ளங்களுக்கு பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்று அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. கல்லடியில் வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் திறக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருவி பரவத் தொடங்கியதுமே விதரிங்கின் மருந்து அதில் தன் கையெழுத்தை இட்டது. டிஜிட்டாலிஸ் உண்டவர்களின் ரீ அலை உருமாறுவதை அமெரிக்காவில் அல்பிரெட் கோனும் அவருடைய தோழர்களும் 1915இல் விளக்கி எழுதினர். பெருந்துடிப்பைக் காட்டும் கூரிய அலைக்கும் ரீ அலைக்கும் இடைப்பட்ட கோடு நேராக நில்லாமல் குழிந்து கீழே தொய்கிறது. மேலைநாட்டுப் பாடநூல்கள் இதனை ஓர் ஓவியரின் மீசைக்கு ஒப்பிட்டு மாணவர்களைச் சிரிக்கவைக்கின்றன. அந்நூல்கள் நம் வாவிக்கரையிலே எழுதப்பட்டிருந்தால், இரு கழிகளுக்கிடையே தொய்ந்து உலரும் வலையைச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தொய்வு நஞ்சின் அடையாளமன்று. மருந்து உடலிலே இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். இதை அறியாதவர் இருதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்று தவறாக முடிவுகட்ட இடமுண்டு. மருந்து அளவு மீறும்போது தோன்றும் குறிகள் வேறு: மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் கட்டளை தாமதிக்கும், சில வேளை முற்றாகத் தடைப்படும், கூடவே ஒழுங்கற்ற மிகைத்துடிப்புகள் முளைக்கும். ஒரே இருதயத்தில் மந்தமும் வெறியும் சேர்ந்திருப்பதே இந்நஞ்சின் தனி இயல்பு. இதன் காரணம் உயிரணுவின் சுவரிலே இருக்கிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பொறியை இம்மருந்து முடக்குகிறது. அப்பொறியை 1957இல் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கூ. டிஜிட்டாலிஸ் இனச் செடியொன்றிலிருந்து டிஜொக்ஸின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது அதற்கு முன்னரே, 1930இல். அது குளிசையாகி உலகெங்கும் சென்றது.

கொயினாவின் கதையும் இதற்கு நெருங்கியது. 1912இல் வென்க்கபாக் என்ற ஒல்லாந்த வைத்தியரிடம் ஒரு வியாபாரி வந்தார். கீழைநாடுகளில் மலேரியாவுக்குக் கொயினா உண்டு பழகியவர் அவர். தன் தாறுமாறான நாடியைக் கொயினா சீராக்குகிறது என்று வைத்தியருக்கே பாடம் சொன்னார். கொயினாவின் உடன்பிறப்பான குவினிடீன் இன்னும் திறமானதென்று 1918இல் ஜேர்மனியில் வால்டர் பிரை காட்டினார். நாடியைச் சீராக்கிய அம்மருந்து கோட்டின் பிற்பகுதியை நீட்டிவிடுகிறது. நீட்சி மிகுந்தால் நோயாளி மயங்கி விழுவார், சிலர் மாள்வதும் உண்டு. அந்தச் சாவுத் துடிப்பு கோட்டிலே முறுக்கிய கயிறுபோல் தோன்றுவதை 1966இல் பிரெஞ்சு வைத்தியர் தெஸெர்த்தென் விவரித்தார். கொயினா மரத்துக்காகவே 1861இல் ஹக்கலையில் அரசாங்கத் தோட்டம் அமைந்ததையும், கோப்பி அழிந்தபின் மலைநாட்டுத் தோட்டங்களில் அம்மரம் பெருகியதையும், அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கோட்டைத் திருத்துவதையே நோயைத் திருத்துவதாகக் கருதிய மயக்கத்துக்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. மாரடைப்பிலிருந்து தப்பியவர்களின் கோட்டிலே மிகைத்துடிப்புகள் காணப்படும். அவற்றை அடக்கினால் ஆயுள் நீளும் என்று வைத்திய உலகம் நம்பிற்று; கம்பனிகள் மருந்து விற்றன. பிளெக்கைனைட், என்கைனைட் என்னும் இரண்டும் கோட்டைப் பளிங்குபோல் ஆக்கின. ஆனால் முறையான சோதனை நடந்தபோது, மருந்து உண்டவர்களே அதிகமாக இறப்பதைக் கண்டு 1989இல் அப்பகுதியை இடைநிறுத்த நேர்ந்தது. 1991இல் வெளியான முடிவின்படி, மருந்துண்ட 755 பேரில் 63 பேரும், வெற்றுக் குளிசை உண்ட 743 பேரில் 26 பேரும் மாண்டனர். கோடு அழகாயிருந்தது, மனிதன் இல்லை.

இனி அலரிக்கு வருவோம். மஞ்சள் அலரியில் உள்ள நஞ்சு டிஜொக்ஸினின் நெருங்கிய இனம். 1980களிலிருந்து வடக்கிலும், பிறகு நாட்டின் ஏனைய பகுதிகளிலும், மனமுடைந்த இளைஞரும் முதியோரும் இந்நஞ்சுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிகளை நிறைத்தனர். யாழ்ப்பாணத்து நோயாளிகள் 170 பேரைப் பற்றிச் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 1988இல் எழுதினர். கிழக்கு மாகாணத்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2013இல் வெளியாயிற்று. இவர்களிற் பலர் சாகவேண்டுமென்று உறுதி பூண்டவர்கள் அல்லர்; ஒரு கணத்து ஆற்றாமையிலே அகப்பட்டவர்கள். ஆஸ்பத்திரி வந்துசேர்ந்தோரிற் பெரும்பாலோர் பிழைத்தும் இருக்கிறார்கள். ஆயினும் வந்தபோது நலமாய்ப் பேசியவரின் கோடு சில மணிநேரங்களில் மாறக்கூடும் என்பதால், ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி.யை நம்பி அனுப்பிவிட முடியாது. ஷ்ரொப்ஷயர்க் கிழவியின் செடி எழுதிய அதே கையெழுத்தை நம் வேலிமரமும் எழுதுகிறது. ஆகவே நம் வைத்தியர் கோட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், என்ன குளிசை பாவிக்கிறார், வீட்டில் என்ன நடந்தது என்று கூடவந்தவரிடமும் கேட்டறிய வேண்டியவராகிறார்.

இந்நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. செம்மறி ஆட்டின் இரத்தத்திலிருந்து பெறும் எதிர்ப்பொருள் அது. டிஜொக்ஸின் மிகுந்துபோன நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட செய்தி 1976இல் வெளியாயிற்று. அலரி நஞ்சையும் அது முறிக்குமா என்னும் சோதனை நடந்தது நம் நாட்டிலே. 2000ஆம் ஆண்டு 'லான்செட்' ஏட்டில் வெளிவந்த முடிவு இது: இருதயத் துடிப்புக் கெட்ட 66 பேரில் 34 பேருக்கு முறிமருந்தும் 32 பேருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. இரண்டு மணிநேரத்தில் முந்தியோரில் 15 பேரின் கோளாறு முற்றாக நீங்கியது. பிந்தியோரில் இருவருக்கு மட்டுமே நீங்கியது. நம்மவர் உடலிலே மெய்ப்பிக்கப்பட்ட அம்மருந்தை, நம் ஆஸ்பத்திரிகள் தொடர்ந்து வாங்க முடியவில்லை. விலை அவ்வளவு. 2002இல் கையிருப்புத் தீர்ந்தது; அதன்பின் சாவு கூடியதென்பதை அடுத்த ஆண்டே அதே ஏடு பதிவுசெய்தது.

பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராயிருந்து, நாட்டில் இறக்குமதியான சுமார் 2100 மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்தபோது, பன்னாட்டுக் கம்பனிகள் எதிர்த்து நின்றதற்குக் காரணம் இப்போது விளங்கும். மருந்தின் விலையைப் பொதுமக்களின் கேள்வியாக்கிவிட்டார் அவர். 1977இல் கயானாவிலே காலமானார். அலரிக்கான முறிமருந்து அவர் காலத்துக்குப் பிற்பட்டது, கேள்வி அவருடையதுதான்.

முறிமருந்து கிடையாத நிலையில் மலிவான வழிகளை நம் ஆய்வாளர் தேடினர். நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சாவு குறையும் என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டிற்று: 401 பேரில், ஒருமுறை மட்டும் பெற்றோரில் 16 பேரும் பலமுறை பெற்றோரில் ஐவரும் இறந்தனர். பூச்சிமருந்து நோயாளிகளையும் சேர்த்து 4,600க்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வு, அத்தகைய பயன் இல்லை என்று 2008இல் கூறியது. எஞ்சி நின்றவை அத்ரோபீன் ஊசியும் தற்காலிக இருதயமுடுக்கியும். முடுக்கி வசதி அந்நாட்களில் பெரும்பாலும் கொழும்பிலேயே இருந்தது. மாகாண ஆஸ்பத்திரிகள் நோயாளிகளை அம்புலன்ஸில் அங்கே அனுப்பவேண்டியிருந்தது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். படுவான்கரையார் அதற்கு முன் வாவியையும் கடக்கவேண்டும். 2007 வரை நீடித்த போர்க்காலத்தில் அக்கரையின் பெரும்பகுதி சோதனைச் சாவடிகளுக்கு அப்பால் இருந்தது. மண்முனைத் துறையிலே பாலம் திறந்தது 2014இல்.