வயிறு நிறைஞ்சாத்தான் பாடம் ஏறும்

மலருக்கு என்ன எழுதலாம்னு யோசிச்சப்ப, பள்ளிக்கூடச் சோத்தோட கதை ஞாபகம் வந்துச்சு. நான் பத்தாவது வரை படிச்சதே அந்தச் சோத்தாலதான்.

இது நூறு வருஷக் கதை. 1920ல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்று கணக்கு. சோறு கிடைக்கவும் வரும் பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் 1925ல் வெள்ளைக்கார அரசு அந்தச் செலவுக்குத் தடை போட்டுவிட்டது.

1956ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். எங்க அம்மா அஞ்சாவது வரை படிச்சது அந்தக் காலத்துலதான். "ஊட்டுல ஒரு வாய் குறையுமேன்னுதான் அனுப்புனேன், எழுத்துத் தெரிஞ்சுது லாபம்"னு அம்மாயி சொல்லும்.

1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989ல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. நான் படிக்கறப்ப முட்டை நாளில் காய்ச்சல் அடிச்சாலும் லீவு போட மாட்டேன்.

பத்தாவது பாஸானதும் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனேன். சனிக்கிழமைச் சம்பளம் பெருசாத் தெரிஞ்சுது. படிப்பு அத்தோட நின்னுச்சு.

2022 செப்டம்பர் 15ல் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில கம்பெனி வேனுக்கு ஓடற நம்ம அவிநாசித் தாய்மார்களுக்கு இதோட அருமை தெரியும். அந்த உப்புமாவும் பொங்கலும் சமைக்கறது நம்மளை மாதிரி குழுப் பெண்கள்தான். அன்னைக்குத் தட்டு ஏந்தினவங்க கையில இன்னைக்குக் கரண்டி இருக்குதுங்க.

ஆனா பத்தாவது முடிச்ச பிள்ளைகள் இன்னமும் கம்பெனிக்குப் போறாங்க. ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்ச பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால், புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்குது. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துல, யார் வீட்டுப் பிள்ளை பத்தாவது முடிக்குது, அடுத்து எங்கே சேருதுன்னு தீர்மான நோட்டுல எழுதுங்க. நின்ன பிள்ளை வீட்டுக்கு நாலு பேர் போய்ப் பேசுங்க.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். எங்க குழு நோட்டுல அவள் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்.