பெயரைக் கேட்காத சான்றிதழ் உண்டா?

ஒரு கணினி ஆன் ஆகவில்லை. பவர் சப்ளை போய்விட்டதா, ரேம் கழன்று நிற்கிறதா, மதர்போர்டில் கோளாறா என்று வரிசையாகச் சோதித்துக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இந்த வேலைக்கு நான்கு வருட இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை. பரம்பரைச் சொத்தும் தேவையில்லை. சில மாத முறையான பயிற்சியும் நிறையக் கைப்பழக்கமும் போதும். தலித் இளைஞர்களுக்கான திறன் பயிற்சிப் பட்டியல் எதை எடுத்தாலும் 'கம்ப்யூட்டர் ஹார்டுவேர்' என்ற வரி தவறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

களப்பணியில் சந்திக்கும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த கோர்ஸ் முடிச்சா வேலை கிடைக்குமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஒரு சான்றிதழ் யாருக்காகப் பிறந்தது, யார் கையில் இருக்கிறது, யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்கு மூடியது என்ற வரலாற்றைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்த வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தையும் நம் அண்ணலின் நிர்வாகப் பணியையும் தொட்டுச் செல்கிறது.

வியாபாரிகள் உருவாக்கிய தேர்வு

ஐபிஎம் நிறுவனம் 1981இல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. விரைவிலேயே அதைப் போலவே இயங்கும் கணினிகளைப் பல நிறுவனங்கள் செய்து விற்கத் தொடங்கின. ஒரே கடையில் நாலைந்து கம்பெனிகளின் கணினிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு கம்பெனியின் இயந்திரத்தை மட்டும் பழுது பார்க்கத் தெரிந்தவரை வைத்துக் கடைக்காரர் என்ன செய்வார்?

கணினி விற்பனையாளர்கள் 1982இல் தொடங்கிய சங்கம்தான் பிற்பாடு 'காம்ப்டியா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது 1993இல் 'ஏ பிளஸ்' என்ற தேர்வை அறிமுகப்படுத்தியது. எந்தக் கம்பெனியையும் சாராமல், கணினி பழுது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படையைச் சோதிக்கும் தேர்வு அது. கல்லூரிப் பட்டம் கேட்கவில்லை. இன்றும் இந்தத் துறையில் நுழைபவர்களுக்கு உலகளவில் அதிகம் தெரிந்த சான்றிதழ் அதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் திறமையை நேரடியாக நிரூபிக்க ஒரு வழி பிறந்தது. இரண்டு, அந்த வழி முதலாளிகளின் தேவைக்காகப் பிறந்தது. ஏழைகளின் விடுதலைக்காக அல்ல. 2010 வரை ஏ பிளஸ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். 2011 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு தேர்வுக்கும் சேர்த்து அமெரிக்காவில் கட்டணம் சில நூறு டாலர். 2025 தொடக்கத்தில் இந்தச் சான்றிதழ் வணிகமும் காம்ப்டியா என்ற பெயரும் தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. ஏணி ஒருவருடைய சொத்தாக இருக்கும்போது, ஏறுவதற்கான வாடகையையும் அவர்தான் முடிவு செய்வார்.

சிறைக்கட்டடத்தில் தொடங்கிய பயிற்சி

ஏ பிளஸ் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே, தொழில்நுட்பப் பயிற்சியை உரிமைப் போராட்டமாக மாற்றியவர்கள் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள். லியோன் சல்லிவன் என்ற போதகரும் அந்நகரின் சுமார் 400 கறுப்பினப் போதகர்களும் 1960இல் ஒரு புறக்கணிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பர்களுக்கு நல்ல வேலை தராத நிறுவனத்தின் பொருளைக் கறுப்பர்கள் வாங்குவதில்லை. இதுதான் முடிவு. முதலில் ஒரு கேக் கம்பெனி பணிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பல கம்பெனிகள் பணிந்தன.

கதவு திறந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. புதிதாகத் திறந்த வேலைகளுக்கான பயிற்சியை அதுவரை கறுப்பர்களுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க சல்லிவன் 1964இல் ஒரு தொழிற்பயிற்சி மையத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய சிறைக்கட்டடம்தான் அதற்கு இடமானது. தொழில் கற்பிப்பதற்கு முன் எழுத்தும் கணக்கும் நேர்காணலை எதிர்கொள்ளும் முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே தங்கள் மக்களின் வரலாற்றையும் கற்பித்தார்கள். நாடு முழுவதும் பரவிய அந்த மாதிரியில் போராட்டம் முதலில் வந்தது, பயிற்சி அதன் பின்னால் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சான்றிதழே சுவரானபோது

அதே காலத்தில் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்நிறுவனம் இருந்தது. அதன் டான் ரிவர் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு 'லேபர்' பிரிவில் மட்டுமே இடம். அந்தப் பிரிவின் அதிகபட்சச் சம்பளம் மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி ஒரு புது விதியைச் சேர்த்தது: மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே பழைய வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

வில்லி கிரிக்ஸும் உடன் பணியாற்றிய 12 கறுப்பினத் தொழிலாளர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு தகுதி விதி பார்வைக்கு எல்லாருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் அது ஒரு மக்களை வெளியே நிறுத்துகிறது என்றால், அந்தத் தகுதி வேலைக்கு உண்மையிலேயே தேவை என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம். 'மெரிட்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் நினைவில் கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. எல்லாருக்கும் ஒரே விதி என்பதாலேயே அது நியாயமான விதி ஆகிவிடாது.

பிராங்ஸ் சொல்லும் பாடம்

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க மக்களும் அதிகம். அங்கே 1995இல் 'பெர் ஸ்காலஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் கழித்துப்போட்ட கணினிகளைச் சரிசெய்து ஏழைக் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் சேர்ப்பது அதன் முதல் வேலை. 1998 முதல் அந்தப் பகுதி இளைஞர்களுக்கு ஏ பிளஸ் பயிற்சியைத் தொடங்கியது. மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. பல வாரம் முழுநேரப் பயிற்சி கொடுத்து, நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசி, வேலையில் சேர்ந்த பிறகும் துணை நின்றது.

இதன் பலனை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பெர் ஸ்காலஸ் உட்பட மூன்று பயிற்சி அமைப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி உண்டு, மறு பிரிவுக்கு இல்லை. 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயிற்சிக்குத் தேர்வானவர்கள் இரண்டு வருடத்தில் மற்றவர்களைவிட சுமார் 18 சதவீதம், அதாவது ஏறக்குறைய 4,500 டாலர், கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பயிற்சி பலன் தரும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் அளக்கப்பட்டது வெறும் சான்றிதழ் அல்ல. இலவசப் பயிற்சி, வேலை கொடுப்போருடன் உறவு, பின்தொடர்ந்து கிடைத்த ஆதரவு என்ற எல்லாம் சேர்ந்ததன் பலன் அது.

அண்ணல் போட்ட அடித்தளம்

நம் நாட்டுக்கு வருவோம். 1942 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த வருடம் அக்டோபர் 29 அன்று பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு மனு அளித்தார். அதில் மேற்படிப்பு உதவித்தொகையோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகள் பயிற்சியாளர்களாகச் சேர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பி.ஏ. பட்டம் மட்டும் போதாது, இயந்திரத்தைத் தொடும் வேலையும் வேண்டும் என்று அப்போதே கண்டுகொண்டவர் அவர்.

இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் தொடக்கம் 1944. அம்பேத்கர் அந்தத் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோதே, 1945 ஜூலையில், மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் உருவானது. நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஐடிஐ படிப்புகளுக்கான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் வந்தது. இன்று ஐடிஐயில் 'கோபா' படிக்கும் பெண்ணும், ஹார்டுவேர் நெட்வொர்க்கிங் படிக்கும் பையனும் அந்த மரத்தின் கிளைகள். தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற பிரிவு 1973 திருத்தத்தில்தான் சேர்ந்தது. இடையில் பன்னிரண்டு வருடம்.

தோல் பதனிட்டவர்களும் பறை இழுத்துக் கட்டியவர்களும் ஏரி மதகைப் பராமரித்த நீர்க்கட்டிகளும் தலைமுறை தலைமுறையாகத் தொழில்நுட்பம் அறிந்தவர்கள். அந்த அறிவுக்கு ஒரு தாளில்கூட யாரும் முத்திரை வைக்கவில்லை. அதைத் திறமை என்று சொல்லாமல் சாதி என்று சொன்னார்கள். இப்படிப்பட்ட சமூகத்தில், முத்திரை வைத்த ஒரு தாளின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

தாள் ஒன்று, பெயர் வேறு

ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோகும் இடம் பெரும்பாலும் தனியார் துறை. அங்கே இடஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. ஆதிக்கசாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்று பெருமைப்படலாம். பெயரில் இல்லாததை முகவரியில் தேடுவார்கள். "எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" என்ற மூன்று கேள்வியில் விஷயம் முடிந்துவிடும். 'தெரிந்தவர் மூலமாக' ஆள் எடுக்கும் கம்பெனியில் அந்தக் கேள்விகூடத் தேவைப்படாது.

நாம் கேட்க வேண்டியவை

அதனால் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேருங்கள், முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது? தேர்வு ஆங்கிலத்தில் இருந்தால், அதற்கான தயாரிப்பும் பயிற்சிக்குள் உண்டா? உண்மையான கணினியைக் கழற்றி மாட்ட விடுவார்களா, படம் காட்டி முடிப்பார்களா? போன வருடம் முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத மையம் உங்கள் பெயரைக் கணக்குக் காட்டத்தான் சேர்க்கிறது.

அடுத்த கேள்வியை அமைப்பாகத் திரண்டு கேட்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் எத்தனை நிறுவனங்கள் எடுத்தன? அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அரசு நிறுவனங்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவரும் ஐடிஐ மாணவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

பெயரைக் கேட்காத சான்றிதழ் உண்டு. பெயரைக் கேட்காத வேலைவாசல் இன்னும் இல்லை. பிலடெல்பியாவின் மக்கள் முதலில் வாசலுக்காகப் போராடினார்கள், பிறகு பயிற்சிக்குப் போனார்கள். நமக்கு அவ்வளவு காத்திருக்க நேரமில்லை. இரண்டையும் ஒன்றாகவே செய்ய வேண்டியிருக்கிறது.